சிரித்தால் இடது கண் தானாகச் சுருங்குகிறது, இனி நான் அபிநயம் செய்யலாமா?

கேள்வி:

எனக்கு வயது 34. ஆறு வயதிலிருந்து பரத வகுப்பில் தாளம் தட்டும் தட்டுக்கழிச் சத்தத்தில் வளர்ந்தவள். இன்று தஞ்சைப் பக்கம் ஒரு சிற்றூரில் 22 பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷத்துக்கு ஏழெட்டு நிகழ்ச்சிகளில் நானும் ஆடுவேன். போன வருஷம் மாசியில் ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி இறங்கிக் கிடந்தது. முகவாதம் என்றார்கள். மாத்திரை, பயிற்சி எல்லாம் செய்து பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் இடது புருவம் பாதிதான் ஏறுகிறது. சிரித்தால் உதடு வலப்பக்கம் இழுக்கிறது, கூடவே இடது கண் தானாகச் சுருங்குகிறது. இனிப் பெரிய மாற்றம் இருக்காது என்று நரம்பியல் மருத்துவர் சொல்லிவிட்டார்.

திருவிழாக் குழுவினர், "இந்த வருஷம் நீங்க தாளம் போட்டு நட்டுவாங்கம் மட்டும் பண்ணுங்க டீச்சர், பிள்ளைங்க ஆடட்டும்" என்றார்கள். என் குருவிடம் போய் அழுதேன். "பாத்திர லட்சணம்னு ஒண்ணு இருக்கேம்மா" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். தோழிகள் குறைதான் அழகு என்கிறார்கள். ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போன வாரம் 'தாயே யசோதா' சொல்லிக்கொடுத்தேன். கோபிகை புகார் சொல்லிக்கொண்டே சிரிப்பை அடக்கமுடியாமல் திணறும் இடத்தில், ஏழு வயதுக் குழந்தை ஒன்று என்னைப் போலவே இடது கண்ணைச் சுருக்கி ஆடியது. அதுவும் அபிநயத்தில் சேர்ந்தது என்று நினைத்திருக்கிறது. வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அபிநயத்தை விட்டுவிடட்டுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உண்மையைக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் போனது என்ன என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜாவளி என்னும் துள்ளலான காதல் பாட்டில் ஒற்றைப் புருவத்தை ஏற்றி நாயகனைச் சீண்டும் இடங்கள் இருக்கின்றன. அதை நீங்கள் இடது புருவத்தில் பழகியிருந்தால் பழையபடி வராது. வலப்பக்கம் மாற்றிப் பழகலாம், ஆனால் கைமாற்றி எழுதப் பழகுவதுபோல அதற்குக் காலம் பிடிக்கும். இரண்டு புருவமும் ஒருசேர ஏறவேண்டிய அற்புத ரசத்தில், அதாவது வியப்பில், பாதி பலம் குறையும். முகம் முழுக்க மலரும் அந்தப் பெரிய சிரிப்பு வேறொரு சிரிப்பாகத்தான் இனி இருக்கும். இவையெல்லாம் இழப்புகள். எதுவுமே குறையவில்லை என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் ஆட்டத்தைக் கவனித்துப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 வருஷமாகச் சேர்த்ததில் ஒரு பங்கு கைவிட்டுப் போயிருக்கிறது. அதற்கு அழுவதில் தப்பே இல்லை.

ஆனால் அபிநயத்தை நீங்கள் விடவேண்டியதில்லை. இதையும் அதே உண்மையோடுதான் சொல்கிறேன். காரணம் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டும்.

உங்கள் குரு சொன்ன பாத்திர லட்சணத்தை, அதாவது ஆடுகிறவளுக்கு இருக்கவேண்டிய இலக்கணத்தை, ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை. அவர் இல்லாததைச் சொல்லவில்லை. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூல், ஆடுகிறவள் மெலிந்தவளாக, இளமையும் அழகும் உடையவளாக, அகன்ற கண்கள் கொண்டவளாக இருக்கவேண்டும் என்கிறது. அதோடு நிற்காமல், நாட்டியத்துக்கு ஆகாதவர்கள் என்று பத்து வகையையும் அடுக்குகிறது. கண்ணில் பூ விழுந்தவள், முடி குறைந்தவள், உதடு தடித்தவள், மார்பு தளர்ந்தவள், மிகப் பருத்தவள், மிக மெலிந்தவள், மிக உயர்ந்தவள், குரல் கெட்டவள் என்று போகிறது அந்தப் பட்டியல். நம் சிலப்பதிகாரமும் மாதவியை அறிமுகப்படுத்தும்போது 'ஆடலும் பாடலும் அழகும்' ஆகிய மூன்றில் ஒன்றும் குறைபடாமல் ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியவள் என்றுதான் சொல்கிறது. ஆக, நம் மரபு அழகைக் கேட்டிருக்கிறது. கேட்கவில்லை என்று நாம் பூசி மெழுக வேண்டாம்.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள். அங்கே ஆடவல்லான் (நடராசர்) சிற்பத்தில் அவன் காலடிப் பக்கம் ஒரு பெண் தாளத்தோடு உட்கார்ந்திருப்பாள். விலா எலும்பு எண்ணும்படியான உடம்பு. காரைக்கால் அம்மையார். தன் அழகான உடம்பை வேண்டாமென்று சொல்லிப் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர் என்று பெரியபுராணம் சொல்லும் அம்மையார். திருவாலங்காட்டில் ஈசன் ஆடும் ஆட்டத்தைப் பாட வந்தவர் முதல் சொல்லிலேயே எங்கே தொடங்குகிறார் பாருங்கள்: 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்று'. அந்தப் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன்னைக் 'காரைக்காற்பேய்' என்றே சொல்லிக்கொள்கிறார்.

எந்த உடம்பு மேடைக்கு ஆகாது என்று சாத்திரம் தள்ளியதோ அதே உடம்புதான் இங்கே ஆட்டத்துக்கு அருகில் உட்கார இடம் பெற்றிருக்கிறது. சோழர் காலத்து வார்ப்பாசாரிகள் வற்றிய மார்பையும் துருத்திய எலும்பையும் மறைக்காமல் வார்த்தார்கள். அந்தச் செப்புத் திருமேனிகளில் சில இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றின் முகத்தில் இருக்கும் சிரிப்பைப் பார்த்தால் தெரியும், செய்தவர்கள் எதைப் பார்த்துச் செய்தார்கள் என்று. நம் மரபுக்கு இரண்டு குரல் உண்டு. உங்கள் குரு ஒன்றைச் சொன்னார். மற்றதும் அதே அளவு பழையது, அதே அளவு நம்முடையது.

(நட்டுவாங்கத்தை 'மட்டும்' என்று சொல்லிக் கொடுத்தார்களே, அது எனக்கு உறுத்துகிறது. ஆடவல்லானுக்கே தாளம் போடும் இடம் அது. ஆனால் ஆடத் தெரிந்தவளின் கையில் தாளத்தைக் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பது வேறு விஷயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

பரதக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மையாரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1976இல் சத்யஜித் ராய் அவரைப் படமெடுத்தபோது அவருக்கு வயது 58. பருத்த உடம்பு. கடற்கரைக் காற்றில் புடவை அலைய, 'கிருஷ்ணா நீ பேகனே' என்று கூப்பிடுகிறார். பட்டியல்படி அவர் அங்கே நின்றிருக்கவே கூடாது. ஒடிசியில் கேளுசரண் மகாபாத்ரா வழுக்கைத் தலையோடு, ஆண் உடம்போடு, வேஷம் எதுவும் இல்லாமல் ராதையாவார். பார்த்தவர்கள் யாருக்கும் வழுக்கை நினைவில் நிற்பதில்லை. சினிமாவிலும் நமக்கு நாகேஷ் இருந்தார். அம்மைத் தழும்பு நிறைந்த முகம், ஒடிசலான உடம்பு. 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக வந்தபோது அந்த வற்றிய கன்னத்திலும் ஒடுங்கிய தோளிலும் வறுமை தானாக வந்து உட்கார்ந்தது. வழவழப்பான முகத்தோடு அதைச் செய்திருந்தால் வெறும் வசனமாகப் போயிருக்கும்.

சுதா சந்திரனைப் பற்றி உங்களுக்கு இதற்குள் பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். 1981இல் விபத்துக்குப் பிறகு காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் பொருத்தி, அடவுகளை முதலிலிருந்து பழகி 1984இல் மேடை ஏறியவர். பெரிய காரியம். ஆனால் அந்த உதாரணம் உங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். அவர் செயற்கைக் காலை வைத்துக்கொண்டு பழைய ஆட்டத்தைத் திரும்பப் பிடிக்கவேண்டியிருந்தது. உங்களுக்குத் திரும்பப் பிடிக்க எதுவும் இல்லை. இருக்கும் முகத்தோடு முன்னால் போகவேண்டும். இரண்டுக்கும் உழைப்பு வேறு.

இனித் தொழிலுக்கு வருகிறேன். அபிநயம் முகத்தில் இருக்கிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறோம். ஜப்பானில் நோ என்றொரு நாடக மரபு உண்டு. அறுநூறு வருஷத்துக்கும் மேலாக ஆடிவருகிறார்கள். முக்கியப் பாத்திரம் மர முகமூடி போட்டிருக்கும். ஒரு தசைகூட அசையாத முகம். நடிகர் தலையை ஒரு நூல் அளவு நிமிர்த்தினால் முகமூடியின் மேல் வெளிச்சம் விழுந்து அது மலர்கிறது. அதற்கு 'தெராசு' என்று பெயர். ஒரு நூல் அளவு குனிந்தால் நிழல் விழுந்து துக்கம் கவிகிறது, அது 'குமோராசு'. முகம் மாறவே இல்லை. கழுத்தும் மூச்சும் மாறியிருக்கின்றன. நம் ஊர்த் தோல்பாவைக் கூத்திலும் சீதையின் முகம் வரைந்தது வரைந்தபடி இருக்க, முன்வரிசையில் பாட்டிமார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

உங்களிடம் அசையும் முகம் இருக்கிறது. ஒரு புருவத்தில் பாதி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நாம் முதல் வருஷத்தில் பழகிய சிரோ பேதம் (தலை அசைவு) ஒன்பதும், திருஷ்டி பேதம் (பார்வை) எட்டும், கிரீவா பேதம் (கழுத்து அசைவு) நான்கும் உங்களுக்கு முழுசாக இருக்கின்றன.

எனக்குப் பதங்கள் (அபிநயத்துக்கான மெதுவான பாட்டுகள்) சொல்லிக்கொடுத்த அம்மாள் ஒருவர், கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். நான் போனபோது அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. மேல்வரிசையில் பல் கிடையாது. வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. திண்ணையில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு அபிநயம் பிடிப்பார். முதல் நாள் எனக்கு ஏமாற்றமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நாயகன் வாசலில் வந்து நிற்பதைக் காட்டினார். நல்ல கண் அவனைப் பார்த்தது. பூ விழுந்த கண் வேறெங்கோ இருந்தது. அவன் வந்துவிட்டான், ஆனாலும் இவள் இன்னும் பழைய காத்திருப்பிலேயே இருக்கிறாள் என்று எனக்கு அப்படியே புரிந்தது. அவர் அதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று தெரியாது. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தை இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்படி எத்தனையோ தடவை ஆடிப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வரவே இல்லை.

சாத்திரத்தையே திரும்பத் திறக்கிறேன். அபிநயத்தை ஆங்கிகம் (உடல் அசைவு), வாசிகம் (சொல்), ஆகார்யம் (உடை, ஒப்பனை), சாத்விகம் (உள்ளிருந்து எழும் உணர்வு) என்று நான்காகப் பிரித்து, சாத்விகத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்கள். சாத்விக பாவங்கள் எட்டையும் மனசில் ஓட்டிப் பாருங்கள். விறைத்து நிற்றல், வியர்த்தல், மயிர்க்கூச்செறிதல், குரல் தழுதழுத்தல், நடுங்குதல், நிறம் மாறுதல், கண்ணீர், மயக்கம். எட்டுமே நம் கட்டுப்பாட்டில் இல்லாதவை. உடம்பு தானாகச் செய்பவை. நாம் ஆளமுடிந்த புருவத்தையும் உதட்டையும் கீழே வைத்துவிட்டு, நம்மை மீறி உடம்பு செய்வதை உச்சியில் வைத்திருக்கிறார்கள். உடம்பு கைமீறும் இடத்தில்தான் உள்ளே இருப்பவர் வெளியே தெரிகிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் கண் சுருங்குவது சாத்விக பாவம் என்று நான் சொல்லவரவில்லை. அடிபட்ட நரம்பு திரும்ப வளரும்போது சில இழைகள் பாதை மாறி, உதட்டுக்குப் போகவேண்டியது கண்ணுக்கும் போய்விடுகிறது. அதனால் சிரித்தால் கண் சுருங்குகிறது. ஆனால் பாருங்கள், அது சிரிப்போடு மட்டும்தான் வருகிறது. சபையில் உட்கார்ந்திருப்பவருக்கு நரம்பு தெரியாது. அவள் அனுப்பாத இடத்துக்கும் சிரிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் தெரியும். இதை வைத்துக்கொண்டு ஆட முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும், ஒரு நிபந்தனையோடு. நீங்கள் அதைக் காவல் காப்பதை நிறுத்தவேண்டும். கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன். இந்த ஒரு வருஷமாக வலப்பக்கம் சபைக்குத் தெரியும்படி திரும்பித் திரும்பி நிற்கிறீர்கள். சிரிப்பு வரும் இடங்களில் அலபத்மக் கை (விரல்களை மலர்போல விரித்த முத்திரை) சற்று மேலே ஏறி கன்னத்தை மறைக்கிறது. சிரிப்பையே பாதியில் வெட்டிவிடுகிறீர்கள். சபை பார்ப்பது இந்தக் காவலைத்தான். வளைந்த உதட்டை ஜனங்கள் ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடுவார்கள். மறைப்பதை மறக்கமாட்டார்கள், ஏனென்றால் அது ஒவ்வொரு வரியிலும் புதிதாக நடக்கிறது.

பல வருஷம் முன்பு என்னிடம் நடிப்புப் பயிற்சிக்கு ஒருவர் வந்தார். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவர். எப்போதும் உட்கார்ந்திருக்கும் பாத்திரமாகப் பார்த்து வாங்கிக்கொள்வார். ஒருநாள் ஒத்திகையில், பங்காளி வீட்டுக்குக் கடன் கேட்டு வருபவனாக அவரை வாசலிலிருந்து நாற்காலிவரை நடக்கச் சொன்னேன். வழக்கம்போல விடுவிடென்று வந்து உட்கார்ந்தார். உங்கள் கால் எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். திரும்ப நடந்தார். ஏழெட்டு அடிதான். கேட்கவேண்டிய வார்த்தையை ஒவ்வொரு அடியிலும் அவர் உள்ளுக்குள் ஒத்திகை பார்ப்பது தெரிந்தது. அறையில் யாரும் பேசவில்லை. பிறகு அந்த நாடகத்தை மேடையேற்றிய இயக்குநருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், இன்னும் கொஞ்சம் அழுத்தி நொண்டச் சொன்னார். அன்றோடு அது செத்துப்போனது. அதற்குப் பிறகு சபை பார்த்தது ஊனத்தை. முதல் நாள் நாங்கள் பார்த்தது கடன் கேட்க வந்தவனை. மறைத்தாலும் சரி, காட்டிக்கொண்டாலும் சரி, கவனம் பாத்திரத்தை விட்டுக் காலுக்குப் போய்விடுகிறது. நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அது மயிரிழை அளவு இடம்தான், அங்கே நிற்கப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கு ஒரு பதம் சொல்கிறேன். முத்துத்தாண்டவரின் 'தெருவில் வாரானோ, என்னைச் சற்றே திரும்பிப் பாரானோ', கமாஸ் ராகம். உங்களுக்குப் பாடமாகியிருக்கும். இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சீர்காழிக் கோயிலில் இசைத் தொண்டு செய்யும் மரபில் பிறந்தவர் முத்துத்தாண்டவர். உடம்பில் நோய் வந்ததால் அந்தத் தொண்டைச் செய்யமுடியாமல் போனார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. ஒருநாள் கோயிலுக்குள்ளேயே தூங்கிப்போனவருக்கு, சிதம்பரம் போய் முதலில் காதில் விழும் சொல்லை வைத்துப் பாடு என்று அருள் கிடைத்ததாம். ஒதுங்கி நிற்கச் சொல்லப்பட்ட ஒருவர் எழுதிய வரி என்று நினைத்துக்கொண்டு அந்தப் பல்லவியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'சற்றே' என்ற சொல் எவ்வளவு குறைவாகக் கேட்கிறது என்பது அப்போது உறைக்கும்.

முதல் வாரம் ஆடவேண்டாம். கை முத்திரையும் வேண்டாம். உட்கார்ந்து, எதிரில் ஒரு தோழி இருக்க, வரியைப் பேச்சாகச் சொல்லுங்கள். பாட்டு வேண்டாம். பத்துத் தடவை சொன்னால் ஒன்பது தடவை பொய்யாக இருக்கும். பத்தாவதில் குரல் தாழும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் துப்பட்டாவால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டு பதத்தைச் செய்யுங்கள். அவன் தெருமுனை திரும்பியது, கிட்டே வந்தது, பார்க்காமல் போனது, மூன்றும் தோழிக்குத் தெரியவேண்டும். கழுத்து, தோள்பட்டை, மூச்சு. இவை மட்டும்தான் கையில் இருக்கின்றன. 'வாரானோ' என்பதில் மூச்சு உள்ளே போய் நிற்கவேண்டும். அவன் கடந்துபோன பிறகுதான் அது வெளியே வரவேண்டும். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் வாழ்நாள் முழுக்க இதைக் கற்பதில்லை, முகம் எல்லா வேலையையும் செய்துவிடுகிறது என்பதால். உங்களுக்குக் கட்டாயம் வந்திருக்கிறது. இதில் நீங்கள் தேறினால், முகவாதத்துக்கு முன்பு இருந்ததைவிடக் கனமான அபிநயம் உங்களுக்கு வரும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, என் மாணவிகளிடம் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் துணியை எடுத்துவிட்டு அதையே செய்யுங்கள். புதிதாக முகத்தில் எதுவும் சேர்க்காதீர்கள். சஞ்சாரியில், அதாவது வரியை விரித்துக் கற்பனையாக ஆடும் இடத்தில், அவன் திரும்பிப் பார்த்துவிட்டதாகக் கற்பனை செய்யும் ஒரு கணம் வருகிறதல்லவா, அங்கே சிரிப்பை வரவழைக்காமல், வந்தால் வரட்டும் என்று விடுங்கள். உதடு வலப்பக்கம் இழுக்கும், இடது கண் சுருங்கும். சுருங்கட்டும். தெருவில் நின்று ஒருவனுக்காக ஏங்குவதை ஊருக்குத் தெரியாமல் வைத்திருக்கப் பார்க்கும் பெண் இவள். சிரிப்பை இவள் முழுசாக வெளியே விடமாட்டாள். ஒரு ஓரத்தில் கசியும். ஒரு கண் காட்டிக்கொடுத்துவிடும். இந்த நாயகிக்கு சமச்சீரான சிரிப்பு பொருந்தாது என்பது என் தீர்மானமான கருத்து.

இந்த மூன்று வாரமும் கண்ணாடி முன் பழகாதீர்கள். கண்ணாடி இருந்தால் நீங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு முகத்தைக் கண்காணிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். கடைசி நாள் ஒருமுறை கைபேசியில் பதிவு செய்து, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

எல்லா உருப்படியும் இப்படி அமையாது. கண்டிதை, அதாவது நாயகன் வேறொருத்தியிடம் போய்வந்ததை அறிந்த நாயகி, கோபத்தில் நெருப்பாக நிற்கும் பதங்கள் நன்றாக வரும். காத்திருப்பு, தாய்மை, பக்தி எல்லாம் வரும். புருவ விளையாட்டையே நம்பிய சில ஜாவளிகளைக் கொஞ்ச காலம் எடுத்து வைத்துவிடுங்கள், உங்கள் பிள்ளைகள் ஆடட்டும். பாட்டைத் தேர்ந்தெடுப்பது எல்லா ஆட்டக்காரர்களும் செய்வதுதான்.

மேக்கப்பில் ஒரு விஷயம். இடது புருவத்தைச் சற்று உயர்த்தி வரைந்து சமன்செய்யலாம் என்று மேக்கப்காரர் சொல்வார். வேண்டாம். வலது புருவம் அசையும்போது வரைந்த புருவம் அங்கேயே நின்று, இருக்கும் வித்தியாசத்தை இரண்டு மடங்காக்கும். புருவம் இருக்கும் இடத்திலேயே மெல்லியதாக வரையச் சொல்லுங்கள். விளக்கு ஒரே பக்கத்திலிருந்து அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் என் மாணவிகளில் முகவாதம் வந்தவர்களோடு அலைந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். தூங்கும்போது இடது கண் முழுசாக மூடுகிறதா என்று வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடாவிட்டால் கண் மருத்துவரிடம் போகவேண்டும், கருவிழி வறண்டுபோகும். இமையின் உள்விளிம்பில் மை தீட்டுவதை அந்தக் கண்ணில் நிறுத்திவிடலாம். சீக்கிரம் சரியாகட்டும் என்று முகத்தை வேகமாக, பலமாக இழுத்துப் பயிற்சி செய்யாதீர்கள். கண் சுருங்குவது அதனால் கூடலாம். சிறிய அசைவு, மெதுவாக, முகத்தசைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள். கண் சுருங்குவதைக் குறைக்க போட்டுலினம் ஊசியும் இருக்கிறது. போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். போட்டுக்கொண்டால் நீங்கள் கலைக்குத் துரோகம் செய்தவளும் ஆகமாட்டீர்கள், வேண்டாமென்றால் தியாகியும் ஆகமாட்டீர்கள். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: முகம் திடீரென்று ஒரு பக்கம் இறங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது பக்கவாதமாகவும் இருக்கலாம். முகவாதமே என்றாலும் அதற்கான மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் தொடங்குவதுதான் நல்லது.)

திருவிழாக் குழுவுக்கு வருகிறேன். அவர்களிடம் வாதாடவேண்டாம். நட்டுவாங்கமும் செய்கிறேன், நடுவில் ஒரு பதம் நானே ஆடுகிறேன், எட்டு நிமிஷம் என்று சொல்லுங்கள். கேட்பதுபோல் வேண்டாம், தெரிவிப்பதுபோல் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் 22 பேரை வைத்துத்தான் அவர்கள் விழா நடக்கிறது. தொகுப்புரை சொல்பவரிடம் முன்கூட்டியே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: முகவாதத்தை வென்று வந்த நம் டீச்சர் என்று அறிமுகப்படுத்தக் கூடாது. அந்த ஒரு வாக்கியம் போதும், கமாஸ் தொடங்குவதற்கு முன்பே சபை இரக்கப்பட்டு முடித்துவிடும். இரக்கப்பட்டவர்கள் கைதட்டுவார்கள், ரசிக்கமாட்டார்கள். ராகம், தாளம், இயற்றியவர் பெயர். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

குருவிடம் இப்போதைக்கு எதுவும் பேசாதீர்கள். பதம் உருவான பிறகு ஒருநாள் அவர் வீட்டுக் கூடத்தில் சலங்கை இல்லாமல் ஆடிக்காட்டுங்கள். அவர் சாத்திரம் படித்தவர் மட்டுமில்லை, பார்க்கத் தெரிந்தவராகவும் இருப்பார் என்றுதான் உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து எனக்குப் படுகிறது.

அந்தக் குழந்தையைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். நீங்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டீர்கள். அவள் என்ன பார்த்தாள் என்று யோசித்துப் பாருங்கள். புகார் சொல்ல வந்த கோபிகை, புகார் சொல்லிக்கொண்டே, கண்ணனை நினைத்துச் சிரித்துவிடுகிறாள். அந்தச் சிரிப்பு அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு நிஜமாகத் தெரிந்திருக்கிறது. அதில் எது கோபிகை, எது டீச்சர் என்று அவளால் பிரிக்கமுடியவில்லை. மொத்தமாக எடுத்துக்கொண்டாள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுத அன்றைக்கு, உங்கள் அபிநயம் ஒரு ரசிகையிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

இருந்தாலும் அவளைத் திருத்தவேண்டும், அது உங்கள் வேலை. அடுத்த வகுப்பில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இந்தக் கண்ணு சுருங்குறது டீச்சரோடதுடா, டீச்சருக்கு உடம்பு சரியில்லாம போனப்ப வந்தது. கோபிகைக்குச் சிரிப்பு வந்தா உன் முகத்துல எங்க வரும்? காட்டு, பார்ப்போம்" என்று கேளுங்கள். அவள் என்ன காட்டினாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா